காலை ஷிப்டில் உடைந்த தம்ளர்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கண்ணாடிச் சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் அவளைச் 'சில்லு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மேஜையடியைப் பெருக்கினால் வேறு யார் மேஜையடியிலும் இல்லாத அளவுக்குக் கண்ணாடிச் சில்லு சேரும் என்பதுதான் காரணம்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையல்ல. பெல்ட்டில் வரும் தம்ளரை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீறல் பார்த்து, காகிதத்தில் உருட்டி, அட்டைப்பெட்டியின் தடுப்புக்குள் நிறுத்த வேண்டும். மதியத்துக்கு மேல் சில்லுவின் கைபோல ஓடுகிற கை அந்தக் கூடத்திலேயே கிடையாது. ஆனால் காலையில், அதுவும் வந்து உட்கார்ந்த புதிதில், தம்ளர் திடீரென்று அவள் கையை விட்டுக் கிளம்பும். நழுவி விழாது, பறந்து போய் விழும். ஒருநாள் எதிர் மேஜைக்காரியின் மடியிலேயே போய் விழுந்தது.

"ஏன்டி, நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்றாள் அவள்.

"நான் எறியலக்கா, சத்தியமா."

"பின்ன, அதுக்கு றெக்கை முளைச்சுதா?"

கூடமே சிரித்தது. சிரிக்காதவர் சூப்பர்வைசர் மட்டும்தான். அவருக்கு அங்கே 'மோப்பம்' என்று பெயர். யார் பையில் என்ன இருக்கிறது, யார் கழிப்பறைக்குள் போய் போனில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் மூக்காலேயே தெரிந்துகொள்வார் என்று பேச்சு. கூலி உயர்வு கேட்ட சிலரை வேலையை விட்டு நிறுத்தியிருந்த சமயம் அது. அந்தக் கோபத்தில் உள்ளே இருக்கிற யாரோ வேண்டுமென்றே சாமானை உடைக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அப்படி எண்ணிய பிறகு சில்லுவின் மேஜையைத் தவிர வேறு மேஜை அவர் கண்ணில் படவில்லை.

சில்லுவுக்கோ வேறொருத்தி மேல் சந்தேகம். பக்கத்தில் உட்காரும் பெண்ணை எல்லோரும் 'ஊசி' என்பார்கள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவள் காலை ஆட்டிக்கொண்டே வேலை செய்வாள், மேஜையும் லேசாக ஆடும். இவள்தான் சமயம் பார்த்து முழங்காலால் இடிக்கிறாள் என்று சில்லு முடிவு கட்டினாள். ஊசி தன் தங்கச்சிக்கு இங்கே வேலை கேட்டிருக்கிறாள் என்று வேறு காதில் விழுந்திருந்தது. போதாதா? அன்றிலிருந்து காலை வேளைகளில் சில்லுவின் ஒரு கண் தம்ளரிலும் ஒரு கண் ஊசியின் முழங்காலிலும் இருந்தது. ஒருநாள் ஊசி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தபோதே தம்ளர் பறந்தது. சில்லு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

அதற்குள் மோப்பம் அவள் மேஜைக்கு மேலே ஒரு கேமராவை மாட்டிவிட்டார். சில நாள் கழித்துத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாரு. உன் கண்ணாலயே பாரு."

திரையில் அவள் ஒரு தம்ளரை எடுக்கிறாள், சுற்றிப் பார்க்கிறாள். யாரோ பின்னாலிருந்து கத்திப் பயமுறுத்தியதுபோல இரண்டு தோளும் ஒரே நேரத்தில் வெட்டுகின்றன. கை மேலே போகிறது. தம்ளர் திரையை விட்டே போய்விடுகிறது. ஊசி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் முழங்கால் மேஜைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"யார் சொல்லி இதைச் செய்யற?"

"யாரும் சொல்லல சார்."

"அப்போ நீயாத்தான் செய்யற."

சில்லு ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் எறியவில்லை என்று அவளுக்குத் தெரியும். எறிந்தது தன் கைதான் என்பதையும் இப்போது பார்த்துவிட்டாள். இந்த இரண்டையும் சேர்த்து யாரிடம் எப்படிச் சொல்வது?

"இன்னொரு தடவை உடைஞ்சா வீட்டுலயே இருந்துக்கோ" என்றார் மோப்பம்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்பா இல்லை. அம்மா ஒரு துணிக்கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். அண்ணன் பஸ் கண்டக்டர். அண்ணி வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் உள்ளே வர முடியாத சமையலறை அது. விடிகாலையில் அங்கே நிற்பது அண்ணியும் சில்லுவும். ஒருநாள் கரண்டி அண்ணியின் தோளில் பட்டு விழுந்தது. இன்னொருநாள் சீப்பு. பிறகு ஒருநாள் சுடச்சுட டீயோடு கோப்பை அண்ணியின் காலடியில் வந்து உடைந்தது.

"கை தவறிடுச்சு அண்ணி."

"பரவாயில்ல."

வாய்தான் அப்படிச் சொன்னது, முகம் சொல்லவில்லை. அன்றிரவு அண்ணனிடம் அண்ணி, "உங்க தங்கச்சிக்கு என்னைப் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க. சாமானைத் தூக்கி அடிக்க வேணாம்" என்று சொன்னது தடுப்புச் சுவரைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.

அம்மாவின் கணக்கு வேறு. பெண் நாளுக்கு நாள் வாடுகிறாள், காலையில் பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருக்கிறாள், இதெல்லாம் மருமகள் வந்த பிறகுதான். அம்மா சண்டை எதுவும் போடவில்லை. "அவ சாப்பாட்டு டப்பாவை இனிமே நானே கட்டறேன்" என்றாள். அண்ணிக்கு விஷயம் புரிந்தது. டப்பாவை அத்தை பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இப்படி ஆளுக்கு ஒரு சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு இருந்தபோதுதான் கிடங்குக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பகல் ஆட்களையும் இரவு ஷிப்டில் போட்டு, அதை முடித்தவர்களையே மறுநாள் பகலிலும் நிறுத்திக்கொண்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சில்லு எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. கடைசி நாள் காலையில் அவள் தோள் அடிக்கடி வெட்டியது. ஊசி வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஏய், உனக்கு உடம்பு சரியில்ல. போய்ப் படு."

"நான் போனா உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கலாம்னு பார்க்கிறியா?"

இதுதான் சில்லு பேசியதாக அவளுக்கு நினைவிருக்கும் கடைசி வார்த்தை. மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. அவள் தொண்டையிலிருந்து மனுஷக் குரல் மாதிரியே இல்லாத ஓர் அலறல் வந்ததாம். மரக்கட்டைபோல விறைத்துக் கீழே சாய்ந்தாளாம். கண் திறந்தபடியே இருக்க, கை கால் எல்லாம் சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ ஓடி வந்து அவள் பல்லுக்கு நடுவில் ஸ்பூனைச் செருகினார்கள், பல் ஒன்று உடைந்தது. ஊசி அந்த ஸ்பூனைத் தட்டிவிட்டு, "வாயில எதையும் வைக்காதீங்க! கையைக் காலைப் பிடிக்காதீங்க!" என்று கத்தினாள். சுற்றிக் கிடந்த கண்ணாடியைக் காலால் தள்ளினாள். தன் துப்பட்டாவைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே கொடுத்து, இழுப்பு அடங்கியதும் பக்கத்தில் மண்டியிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

ஆம்புலன்ஸில் சில்லுவுக்கு லேசாக நினைவு வந்தபோது கண்ணுக்கு வெகு அருகில் ஊசியின் முகம் இருந்தது. வாயில் ரத்தம் கரித்தது.

"என்னை என்ன பண்ணே?" என்று கேட்டாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் அண்ணியும் ஓடி வந்தார்கள். வாசலிலேயே கிடங்கு ஆள் ஒருவர் அம்மாவிடம், "நான் பார்க்கும்போது அந்த ஒல்லிப் பொண்ணு உங்க பொண்ணு மேல மண்டி போட்டு உட்கார்ந்திருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். அம்மா நேரே பெஞ்சில் இருந்த ஊசியிடம் போனாள்.

"டீயில என்னடி கலந்து குடுத்தே?"

ஊசி எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கேள்விமேல் கேள்வி கேட்டார்.

"காய்ச்சல் இருந்ததா? தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"சர்க்கரை வியாதி? ஏதாவது மாத்திரை சாப்பிடறாளா?"

"இல்லைங்க."

"குடிப்பழக்கம்?"

அம்மா நிமிர்ந்தாள். "என்னங்க டாக்டர், எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"மாசமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

"கல்யாணமே ஆகல!" அம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து வசதியாகக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதிரி அம்மாக்களை அவர் தினமும் பார்க்கிறவர்.

"அம்மா, நான் யாரையும் குத்தம் சொல்லல. உடம்பு முழுக்க இழுக்கிற வலிப்புக்குக் காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கினா வரும், உப்பு குறைஞ்சா வரும். மூளைக்காய்ச்சல், தலைக் காயம், உள்ள ரத்தக்கசிவு, கட்டி, எதுலயும் வரும். தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வரும். சில மருந்தால வரும். மாசமா இருக்கும்போது ரத்தக்கொதிப்பு ஏறினா வரும். சிலருக்குப் பிறவியிலேயே மூளை அப்படி அமைஞ்சிருக்கும். நிறைய பேருக்குக் கடைசி வரைக்கும் காரணமே தெரியாது. அதான் ஒவ்வொண்ணா கேட்டு ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வர்றேன். உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?"

"யாருக்கும் இல்ல. ரெண்டு பக்கமும் இல்ல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அண்ணி அதைக் கவனித்தாள். மாமியாரின் விரல்கள் சேலைத் தலைப்பைக் கயிறு மாதிரி முறுக்குவதையும் பார்த்தாள்.

ரத்தத்தைச் சோதித்தார்கள், சர்க்கரையும் உப்பும் சரியாக இருந்தன. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் அம்மாவுக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் உறுதியானது. உள்ளே ஒன்றுமில்லை என்றால் வெளியிலிருந்து எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? "விஷம் இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்றாள். சொல்லும்போது ஒரு பார்வை கதவுக்கு வெளியே ஊசி மேல் போனது, ஒரு பார்வை பக்கத்தில் நின்ற மருமகள் மேல் போனது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துச் சில்லுவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி தூங்கினியாம்மா?"

"இல்ல டாக்டர். இந்த வாரம் பூரா ராத்திரி வேலை."

"சரி. இதை யோசிச்சுச் சொல்லு. காலையில எழுந்த கொஞ்ச நேரத்துல, நீ நினைக்காமலே கை வெட்டுமா? ஷாக் அடிச்ச மாதிரி? கையில இருக்கிறது பறந்து போய் விழுமா?"

சில்லு வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி முன்னால் வந்துவிட்டாள்.

"டாக்டர், கரண்டி, சீப்பு... போன மாசம் டீ... அப்போ அதெல்லாம் என் மேல எறிஞ்சது இல்லையா?"

"எறியல அண்ணி" என்றாள் சில்லு. "கைதான் போச்சு. அது ஏன் போகுதுன்னு எனக்கே தெரியாது. சொன்னா யார் நம்புவாங்கன்னு சொல்லல." அவ்வளவுதான் முடிந்தது, பிறகு அழுதாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் மேல அவ்வளவு வெறுப்பான்னு எத்தனை நாள் தனியா உட்கார்ந்து அழுதிருக்கேன் தெரியுமாடி" என்றாள், திட்டுவதுபோல.

மறுநாள் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் படம் எடுத்தார்கள். டாக்டரின் சந்தேகம் சரியாக இருந்தது. இந்த வகை வலிப்பு பெரும்பாலும் பதின்ம வயதை ஒட்டி ஆரம்பிக்கும் என்றார். தூக்கம் கெட்டால் கிளம்பும், காலையில்தான் அதிகம் காட்டும், முதலில் கை வெட்டும், கவனிக்காமல் விட்டால் ஒருநாள் ஆளையே சாய்த்துவிடும். யாரும் எதையும் கலக்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும்.

"நல்லா இருக்குன்னு நீயா நிறுத்திடாத. நேரத்துக்குத் தூங்கணும். குளிக்கும்போது உள்ள தாழ்ப்பாள் போடாத. முக்கியமா குளம், ஏரின்னு தண்ணியில இறங்கவே இறங்காத. தண்ணிக்குள்ள வந்துச்சுன்னா, பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூட என்ன நடக்குதுன்னு புரியாது."

அம்மாவின் கையிலிருந்த மருந்துப் பை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது."

வார்டுக்குள் ஏது வெயில்? அண்ணிக்கு இப்போது மாமியார்மேல் சந்தேகம். வீட்டுக்கு வந்த பிறகு சில்லுவிடம் மெதுவாகச் சொன்னாள், "அத்தை எதையோ முழுங்கி வெச்சிருக்காங்க. நான் கேட்டா வேற அர்த்தம் ஆயிடும். நீ கேளு."

கேட்க வேண்டிய தேவை வரவில்லை. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா தையல் ஊசியில் நூலைக் கோக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு தானாகவே பேசினாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

பிள்ளைகளுக்குத் தெரிந்தவரை அவர்களுக்குத் தாய்மாமன் என்று யாரும் கிடையாது. அம்மா எங்கேயும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. அந்தத் தம்பி பரீட்சைக்காக இரவு முழுக்கக் கண்விழித்துப் படித்துவிட்டு, காலையில் சிநேகிதனோடு ஏரிக்குக் குளிக்கப் போனான். பிணமாகத்தான் வந்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவன் இடுப்பளவு தண்ணீரில் எப்படிச் சாவான்? கூட இருந்தவன் தள்ளிவிட்டு அமுக்கியிருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் முதல்நாள் ஏதோ வாய்த்தகராறு வேறு. போலீசுக்குப் போனார்கள். அந்தப் பையனை உள்ளே வைத்து அடித்தார்கள், சாட்சி இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. 'தள்ளிவிட்டவன்' என்பதே அவன் பெயராகிவிட்டது.

"தம்பி காலையில எதை எடுத்தாலும் கீழ போடுவான். பால் சொம்பை உடைச்சான்னு அப்பா அடிப்பாரு. திமிருன்னு சொல்வாரு" என்றாள் அம்மா. "அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ தம்பி ஞாபகம் வந்துச்சு, ஆனா எனக்கு நிஜமாவே அது நோவுன்னு தோணல, அதான் இல்லன்னு முந்திக்கிட்டேன். தண்ணின்னு சொன்னாங்களே, அப்பத்தான்..."

"இதுவாத்தான் இருக்கும்னு நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றாள் சில்லு.

"முடியாது. ஆனா அவன்தான்னு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமா சொன்னோம்?"

கிடங்கில் அதற்குள் ஒரு மாற்றம் நடந்திருந்தது. டாக்டரின் சான்றிதழை மோப்பம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு விசாரித்து, அதன் பிறகுதான் நம்பினார். சில்லுவுக்குப் பகல் ஷிப்ட் மட்டும், கண்ணாடி தொடாத வேலை, பெட்டியில் லேபிள் ஒட்டுவது. கேமராவை அவர் கழற்றவில்லை, வேறு மேஜை பக்கம் திருப்பிவிட்டார். சில்லு ஊசியைத் தேடிப் போனாள். என்ன சொல்வது என்று பாதை முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள், நேரில் எல்லாம் மறந்துவிட்டது.

"என் மேல கோபமா?"

"பின்ன? விஷம் வெச்சவள்னு சொன்னா கோபம் வராதா?" என்றாள் ஊசி. "எங்க தெருவுல ஒருத்தர் அடிக்கடி விழுவாரு, அதனால எனக்குத் தெரியும். இல்லன்னா நானும்தான் ஓடியிருப்பேன். போ, போய் உங்கம்மாவை ஒரு தடவை என் வீட்டுக்கு வந்து டீ குடிக்கச் சொல்லு. நான் முதல்ல குடிச்சுட்டுத் தரேன்."

அம்மா போனாள், டீயும் குடித்தாள். அங்கிருந்து திரும்பும்போதுதான், "என்கூட இன்னொரு இடத்துக்கு வரியா?" என்று மகளைக் கேட்டாள்.

பஸ் ஏறிப் போனார்கள். அம்மா பிறந்த ஊரின் எல்லையில் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர் அம்மாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம். இன்னும் என்ன பாக்கி என்று கேட்பதுபோல எழுந்து நின்றார்.

அம்மா திண்டாடினாள். "அன்னிக்கு... தண்ணியில... என்ன நடந்துச்சு?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அன்னிக்கே சொன்னேனே அக்கா. நின்னுக்கிட்டு இருந்தவன் ஒரு சத்தம் போட்டான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு. விளையாடறான்னு நினைச்சேன். அப்புறம் பிடிச்சேன், என் கைக்கு அடங்கல. ஸ்டேஷன்ல சொன்னேன், உங்கப்பாகிட்ட சொன்னேன். கதை கட்டறான்னு சொன்னாங்க. கொஞ்ச வருஷத்துக்கப்புறம் நான் சொல்றதையும் விட்டுட்டேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான் சரியாத்தான் பார்த்தேனான்னு."

அம்மா மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவள் அழுத அழுகையில் அது இருந்தது. அழுகைக்கு நடுவே மகளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இவளுக்கும் அதேதான்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் சில்லுவை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலை எடுத்துத் தட்டிப் போட்டார்.

"உட்காரும்மா. நிக்காத. மருந்து ஒழுங்காப் போடறியா?"

"போடறேன் மாமா" என்றாள் சில்லு.

அப்படிக் கூப்பிடும்படி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மனிதர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்க்கடையில் டீ சொல்லப் போனார்.